ஆல்டோவ வித்தாச்சு, ஆட்டோ நிக்குது

எங்க வீட்டு வாசல்ல போன மாசம் வரைக்கும் மூணு வண்டி நின்னுச்சு. கேட்ட ஒடனே ஏதோ தொர பங்களான்னு நெனச்சுராதீங்க, மூணையும் சேத்து வித்தாலும் இப்ப கொழும்புல சுத்துற புது சைனா கார் ஒண்ணு வாங்க முடியாது. ஒண்ணு 2014 நிசான் லீஃப், கரண்ட்ல ஓடுறது, அதோட பேட்டரி கதையை பிறகு சொல்றேன். இன்னொண்ணு ஆல்டோ, மூத்தவ பொறந்த வருசம் இவரு லீசிங்ல எடுத்தது. மூணாவது மாமாவோட ஆட்டோ, சிவப்பு பஜாஜ், கண்ணாடில முருகன், பின்னாடி சீட்டுல எப்பவும் ஒரு உரச்சாக்கு.

கொட்டகலைல டவுனை விட்டு கொஞ்சம் தள்ளி மேட்டுல வீடு. நான் ஹட்டன் பக்கம் ஒரு ஸ்கூல்ல சயன்ஸ் படிப்பிக்கிறேன். போக வர 14 கிலோமீட்டர். இவருக்கு நுவரெலியால வேலை, பாதி நாள் பஸ்ஸு, பாதி நாள் ஆல்டோ.

பேச்சை ஆரம்பிச்சது நான்தான். ஆல்டோவுக்கு கிளட்ச் போச்சு, கராஜ் பாஸ் சொன்ன கணக்கை கேட்டுட்டு இவரு தலையில கைய வச்சு உக்காந்திருந்தாரு, அப்ப நான் பேசாம இருந்திருக்கலாம், இல்லாம "ரெண்டு பெட்ரோல் வண்டியையும் வித்துட்டு இன்னொரு கரண்ட் வண்டி எடுத்துருவோமே, ஒரேயடியா பெட்ரோலுக்கு முழுக்கு போட்டுருவோம்"னு சொல்லிட்டேன். மாமா வெளிய ஆட்டோவ தொடச்சிக்கிட்டு இருந்தாரு. கைய நிறுத்தல. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு நாள் எங்கிட்ட பேசல.

நான் அப்பிடி சொல்றதுக்கு காரணம் இருந்துச்சு. 2022ஐ இங்க யாருக்கும் ஞாபகப்படுத்த தேவையில்ல. ஜனவரில 177 ரூபாயா இருந்த பெட்ரோல் ஜூன் கடைசில 470. அந்த 470ஐ குடுக்க ஆள் ரெடியா இருந்தும் பெட்ரோல் செட்ல சாமான் இல்ல. இவரு ரெண்டு ராத்திரி கியூல ஆல்டோக்குள்ளயே படுத்தாரு, நான் சோத்து பார்சலை கட்டிக்கிட்டு நடந்து போய் குடுத்துட்டு வந்தேன், மூணாவது நாள் காலைல பவுசர் வரலைன்னு சொல்லிட்டாங்க, வண்டிய அங்கயே விட்டுட்டு வந்தா இடம் போயிரும்னு மாமா போய் உக்காந்தாரு. அந்த நேரம் பாத்து எங்க ஸ்கூல் பிரின்சிபல் மட்டும் சத்தமே இல்லாம லீஃப்ல வந்து எறங்குவாரு. கியூல நிக்கிற அத்தன பேரும் அவர பாப்பாங்க. அந்த பார்வை இருக்கே, அதுலதான் நாங்க லீஃப் வாங்குனோம். கார் நல்லதா கெட்டதான்னு யோசிச்சு வாங்கல.

அதுக்கப்புறம் பெட்ரோலை பங்கு போட கியூஆர் வந்துச்சு, காருக்கு கிழமைக்கு 20 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர்னு ஆரம்பிச்சாங்க. 5 லிட்டர்ல ஒரு ஆட்டோக்காரன் குடும்பம் நடத்தணுமாம். மாமா அந்த கியூஆர் பேப்பரை லெமினேட் பண்ணி இன்னமும் ஆட்டோ டேஷ்போர்டுல வச்சிருக்காரு. 2023லயே அதை நிறுத்திட்டாங்க, எடுங்க மாமான்னா "இருக்கட்டும், சோறா கேக்குது"ங்கிறாரு.

லீஃப் வாங்கின கதைக்கு வாரேன். 2020 மார்ச்ல இருந்து வாகன இறக்குமதி நின்னு போயிருந்ததால ஊருக்குள்ள இருந்த பழசுதான் கைமாறி கைமாறி ஓடுச்சு. நாங்களும் வித்தவன் சொன்ன வெலைக்கு வாங்குனோம். லீஃப்ல டேஷ்போர்டு ஓரமா 12 சின்ன கோடு இருக்கும், பேட்டரியோட ஆயுசு அதுல தெரியும், கோடு கொறஞ்சா பேட்டரி வயசாயிருச்சுன்னு அர்த்தம். நாங்க பாக்கும்போது 12ம் முழுசா நின்னுச்சு. எட்டு வருசத்து வண்டில 12ம் இருக்குன்னா அங்கயே சந்தேகம் வந்திருக்கணும், சயன்ஸ் டீச்சர்னு சொல்லிக்கிறதுக்கு வெக்கமா இருக்கு. வாங்கி ரெண்டு மாசத்துல ஒவ்வொண்ணா உதிர்ந்து 9ல வந்து நின்னுச்சு. பிறகுதான் தெரியும், பேட்டரியை கவனிக்கிற கம்ப்யூட்டரை ரீசெட் பண்ணிவிட்டா அது பழைய கணக்கை மறந்துட்டு நான் புதுசுன்னு கொஞ்ச நாள் காட்டுமாம். வித்தவனுக்கு போன் அடிச்சா நம்பரே இல்ல. நீங்க பழைய லீஃப் பாக்க போறீங்கன்னா கோட்டை நம்பாதீங்க. லீஃப் ஸ்பைனு ஒரு ஆப் இருக்கு, சின்ன டாங்கிள் ஒண்ணை ஸ்டியரிங்குக்கு கீழ சொருகி பாத்தா ஒவ்வொரு செல்லா காட்டும். அதை பாக்க தெரிஞ்ச ஒருத்தரை கூட்டிட்டு போங்க, அவருக்கு மத்தியானம் சாப்பாடு வாங்கி குடுங்க, லட்சக்கணக்குல மிச்சம்.

24 யூனிட் பேட்டரின்னு பேரு. எங்களுக்கு 15 சொச்சம்தான் கெடைக்குது. ஆனா அந்த 15ஐ வச்சுக்கிட்டு தெனமும் ஸ்கூலுக்கு போய்ட்டு வாரது ராஜ வாழ்க்கை. காலைல ஸ்டார்ட் பண்ணா ஏதோ கார்டு போடலைன்னு ஜப்பான் பாஷைல ஒரு பொம்பள சொல்லும், சின்னவன் அவளுக்கு பதில் சொல்லுவான், கிளம்பிருவோம். ஆயில் இல்ல, கிளட்ச் இல்ல, குளிருக்கு இழுத்துக்கிட்டு நிக்கிறது இல்ல. லீஃப் பேட்டரிக்கு தனியா கூலிங் கிடையாது, காத்துதான், அதனால சூட்டு ஊர்ல ஓடுனது சீக்கிரம் சாகும். நம்ம பக்கத்து குளிருல மெதுவாத்தான் போகுது, 9ல நின்ன கோடு மூணு வருசமா 9லயே நிக்குது. இது ஒண்ணாவது நமக்கு சாதகமா அமைஞ்சுச்சு.

கரண்ட் பில்லு ரெண்டாயிரத்துக்குள்ள வந்துக்கிட்டு இருந்தது ஏழாயிரத்தை தொட்டுச்சு. அத்தை பில்லை பாத்துட்டு மீட்டர் பழுதுன்னு சொன்னாங்க. மீட்டர் பழுதில்ல. நம்ம நாட்டுல வீட்டு கரண்டுக்கு படிப்படியாதான் வெல, 60, 90, 120, 180னு தாண்டத் தாண்ட யூனிட் வெல ஏறும். கார் மாசம் 600 கிலோமீட்டர் ஓட எடுக்குற 100 யூனிட் போய் மேல்படில உக்காந்துக்குது. அதே 600 கிலோமீட்டரை ஆல்டோல ஓடியிருந்தா இந்த ஏத்தத்துல லிட்டருக்கு 13 கெடச்சா பெருசு, லிட்டர் 300 ரூபான்னு வச்சா 14 ஆயிரம் கிட்ட. அப்ப மாசம் 9 ஆயிரம் மிச்சம். நேரத்துக்கு தக்கன வெல போடுற மீட்டருக்கு மாத்தினா ராத்திரி பத்தரைக்கு மேல சார்ஜ் பண்ணி இன்னும் மிச்சம் பிடிக்கலாம், ஆனா அந்த மீட்டருக்கு சாயங்காலம் ஆறரைல இருந்து பத்தரை வரைக்கும் வெல கூட, அத்தை அந்த நேரத்துலதான் சுடுதண்ணி, சோறு, டீவி எல்லாத்தையும் ஒண்ணா போடுவாங்க. கார் மிச்சம் பிடிச்சதை அத்தை செலவழிச்சிருவாங்க. நான் அதை சொல்லப் போகல.

இதுவரைக்கும் கணக்கு என் பக்கம்தான். ஒரு வண்டிக்கு.

கண்டி போன கதைதான் எனக்கு புத்தி வந்த கதை. மூத்தவளுக்கு கண்ணு காட்ட கண்டிக்கு போனோம், 70 கிலோமீட்டர், நாலு பேரு. ராத்திரி ஃபுல் சார்ஜ். காலைல கிளம்பி ஹட்டன் தாண்டி கினிகத்தேனைக்கு எறங்குனோம் பாருங்க, 22 கிலோமீட்டர் ஓடியிருக்கு, பேட்டரி ஒண்ணு ரெண்டு சதவீதம்தான் கொறஞ்சிருக்கு. எறக்கத்துல கால எடுத்தா மோட்டரே டைனமோ மாதிரி சுத்தி பேட்டரிக்கு கரண்ட் குடுக்கும். இவரு மீட்டரை பாத்துக்கிட்டே "இந்த மாதிரி போனா காலி முகத்துக்கே போயிரலாம் போல"ங்கிறாரு. இதுல ஒரு விசயம், பேட்டரி நூறு சதவீதமா இருக்கும்போது மலை உச்சில இருந்து எறங்குனா அது வாங்கிக்காது, எடம் இல்ல, அப்ப பிரேக்தான், அது தெரியாம முதல் அஞ்சு கிலோமீட்டர் பிரேக்கை மிதிச்சு வீணாக்கிட்டோம். மேல குடியிருக்கிறவங்க எறங்குறதுக்கு முந்தின நாள் 80, 85ல நிறுத்திக்கணும். கீழ இருக்கிறவனுக்கு எழுதின புத்தகத்துல இதை பெருசா சொல்ல மாட்டாங்க.

கண்டில போய் சேந்தப்ப பாதிக்கு மேல இருந்துச்சு. போட்டு வச்ச பிளான் என்னன்னா அங்க ஒரு எடத்துல ஃபாஸ்ட் சார்ஜர், அரை மணி நேரம் போட்டுட்டு கிளம்புறது. போனா அதுல ஒரு பேப்பரை ஒட்டி வச்சிருக்காங்க, வேல செய்யாதுன்னு. பக்கத்துல இன்னொண்ணு இருக்கு, ஆனா அதோட மூக்கு வேற. ஜப்பான்ல இருந்து வந்த லீஃபுக்கு சாடமோ, இப்ப வார சைனா கார்களுக்கு சிசிஎஸ். ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு சேராது. கடைசில பேராதனைல சொந்தக்காரங்க வீட்டுல சமையல்கட்டு பிளக்ல மூணு மணி நேரம் போட்டோம், அவங்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம், சித்தி ரெண்டாவது தடவ டீ போட கேத்தலை சொருக எடமில்லாம நின்னாங்க. 88 சதவீதத்தோட கிளம்புனோம். வரும்போது ஒண்ணு ரெண்டு கொறையாம வந்த தூரம்தானே, சமாளிச்சிரலாம்னு இவரு.

தரம் 10 பிள்ளைங்களுக்கு வருசா வருசம் போர்டுல எழுதுறேன், எம் ஜீ ஹெச், ஒரு எடைய மேல தூக்க எவ்வளவு சக்தி வேணும்ங்கிற கணக்கு. ஹட்டன் கடல் மட்டத்துல இருந்து 1,270 மீட்டர் கிட்ட, கண்டி 500. காரும் நாங்க நாலு பேரும் சேந்து 1,750 கிலோன்னு வைங்க, அதை 770 மீட்டர் தூக்கணும். 9.8ஆல பெருக்கினா ஒரு கோடி 32 லட்சம் ஜூல். ஒரு யூனிட் கரண்டுங்கிறது 36 லட்சம் ஜூல். அப்ப வெறும் தூக்குறதுக்கே மூணரை யூனிட்டுக்கு மேல, எங்க 15 யூனிட் பேட்டரில கால்வாசி, ரோட்டுல உருள்றதுக்கு ஆகுறது தனி. இதை போர்டுல எழுதுற நான் அன்னைக்கு கார்ல உக்காந்து நாவலப்பிட்டி தாண்டினப்பதான் மனக்கணக்கு போட்டேன். போட்டுட்டு வாயைத் திறக்கல. இவருக்கு வேர்த்துருச்சு, ஹீட்டர ஆஃப் பண்ணு, வைப்பரை கொஞ்சமா போடுங்கிறாரு, வைப்பர் என்னத்த தின்னப் போகுது.

ஆல்டோவும் அதே மலையதான் ஏறுது, அதே எடையதான் தூக்குது, ஆனா அதோட டேங்க்ல 35 லிட்டர் ஊத்தலாம், ஒண்ணோ ரெண்டோ கூட போனா நமக்கு தெரியவே தெரியாது. எறங்கும்போது அது ஒண்ணும் திருப்பி குடுக்கவும் குடுக்காது, பிரேக் நாத்தம்தான் வரும். லீஃப் குடுக்கும். ஆனா எத்தன கிலோமீட்டர் போகும்னு லீஃப் காட்டுற நம்பரு சமதரைல இருக்கிறவனுக்கு போட்டது. நமக்கு ஒரே ரோட்டுல போற தூரம் வேற, வார தூரம் வேற.

கினிகத்தேனை ஏத்தத்துல கிலோமீட்டர் காட்டுற எடத்துல நம்பர் போய் மூணு கோடு வந்துச்சு. வட்டவளை வாரப்ப மழை. வட்டவளைன்னா மழைன்னு தெரியும்தானே. கொஞ்ச தூரத்துல டேஷ்போர்டுல ஒரு ஆமை வந்துச்சு. பொய்யில்ல, நெஜமாவே ஆமை படம், இனி நான் மெதுவாத்தான் போவேன்னு சொல்றதுக்கு நிசான்காரன் வச்சது. சின்னவனுக்கு ஒரே சந்தோசம், "அம்மா ஆமை, அம்மா ஆமை"ன்னு. பின்னாடி பஸ்காரன் ஹோர்ன்ல கைய எடுக்கல. ஒரு சின்ன கடை வாசல்ல ஓரங்கட்டினோம், அதுக்கு மேல அரை கிலோமீட்டர் போயிருக்குமாங்கிறது சந்தேகம்.

கடைக்கார அண்ணன் நல்ல மனுசன். ஐஸ்பெட்டி பிளக்கை கழட்டிட்டு எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னலால விட்டாரு. ரெண்டு மணி நேரம் அங்க உக்காந்து ரொட்டியும் கட்டசம்பலும் தின்னோம், மழையில வயரு நனையாம இருக்க அவரு கொழுந்து பையை எடுத்து மூடுனாரு. நான் 500 ரூபா குடுத்ததுக்கு "டீச்சரம்மா, கரண்டுக்கு 200 எடுத்துக்கிறேன், ஐஸ்கிரீம் கரைஞ்சதுக்கு 100, மிச்சத்தை வைங்க"ன்னு திருப்பி குடுத்தாரு. இவ்வளவு நேர்மையா பில் போட்ட ஆளை நான் பாத்ததில்ல.

அதோட எனக்கு ஆசை விட்டுப் போயிருக்கணும். போகல. ஏன்னா இது பழைய பேட்டரியோட குத்தம். 2025 பெப்ரவரில இறக்குமதியை தொறந்துட்டாங்க, இப்ப வாரதுல 40, 50, 60 யூனிட் பேட்டரி எல்லாம் இருக்கு, அதுல கண்டிக்கு போய் வாரது கடைக்கு போய் வார மாதிரி. வெலதான் தொட முடியாது, மோட்டர் எத்தன கிலோவாட்டோ அதுக்கு தக்கன வரி போடுறாங்க, அதுக்கு மேல வாட் (VAT) வரி வேற. இருந்தாலும் ஆல்டோவையும் ஆட்டோவையும் வித்து, கொஞ்சம் லோன் போட்டு, 40 யூனிட் லீஃப் ஒண்ணு பழசா எடுக்கலாம்னு ஒரு கொப்பில கணக்கு எழுதி வச்சேன்.

இதுல வயரிங் பாஸ் ஒரு கட்டைய போட்டாரு. நம்ம வீடுகளுக்கு பெரும்பாலும் வாரது ஒத்த ஃபேஸ் 30 ஆம்பியர், மொத்தமா ஏழு கிலோவாட் கிட்ட. ஒரு கார் 3 கிலோவாட் எடுக்கும். ரெண்டு கார், அதோட சுடுதண்ணி கீசர், ரைஸ் குக்கர் எல்லாம் ஒரே நேரம் போட்டா ட்ரிப் சுவிட்ச் விழும், இல்லாட்டி அதுக்கு முந்தி வேற எதுவாவது உருகும். அவரு சொன்னதை நான் நம்பினதுக்கு காரணம், முதல் மாசம் நாங்க சும்மா 13 ஆம்ப் பிளக்ல கார போட்டு, ஒரு நாள் காலைல கழட்ட போனா பிளக் முகம் பழுப்பு ஏறி சுவரோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, ரப்பர் நாத்தம் ரூமு பூரா. பிறகுதான் மெயின் போர்டுல இருந்து தடிச்ச வயரா தனி லைன் இழுத்தோம். காருக்கு தனி லைன் போடாம வாங்காதீங்க.

டித்வா புயலுக்கு வாரேன். அதை எழுதாம இதை முடிக்க முடியாது.

2025 நவம்பர் 27 ராத்திரி மலை முழுக்க சத்தம். அதை விவரிக்க எனக்கு இன்னும் மனசு வரல, பதுளை, நுவரெலியா, கண்டின்னு எத்தன லயத்துல, தோட்டத்து வரிசை வீடுகள்ல, எத்தன பேரு மண்ணுக்குள்ள போனாங்க. எங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகல. கரண்ட் அஞ்சு நாள் இல்ல, ரோட்டுல ரெண்டு பக்கமும் மண்ணு, போனுக்கு சிக்னல் வந்து வந்து போச்சு. லீஃப்ல 62 சதவீதம் இருந்துச்சு. ஆல்டோ கிளட்ச் இல்லாம கராஜ்ல. ஆட்டோல மூணு லிட்டர் இருக்கும்னு மாமா தடிய விட்டு பாத்து சொன்னாரு.

கார் எங்கயும் போகல, போக ரோடு இல்ல. ஆனா ரெண்டாவது நாள் கீழ லயத்துல இருந்து ஒரு அக்கா வந்து போன் சார்ஜ் போட முடியுமான்னு கேட்டாங்க, கார்ல போட்டு குடுத்தேன், அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள்ள வாசல்ல கூட்டம். சிகரெட் லைட்டர் ஓட்டைல ஒரு மல்டி பிளக், அதுல நாலு வயரு, டேஷ்போர்டு மேல வரிசையா போனு, ஒவ்வொண்ணுலயும் பேரெழுதி ஒட்டின பேப்பரு, மூத்தவ கொப்பில நேரம் குறிக்கிறா, ஆளுக்கு அரை மணி. பத்து பதினைஞ்சு போனா ஒரு நாளைக்கு. கொழும்புல வேல செய்யிற புள்ளைங்களோட பேசுறதுக்குத்தான் எல்லாரும். மூணு நாள் இப்பிடி ஓடியும் பேட்டரி 62ல இருந்து 55க்குதான் எறங்குச்சு, ஒரு போனுக்கு என்ன பெரிய கரண்ட் வேணும். அந்த மூணு நாளும் எங்க லீஃப் ஒரு அங்குலம் ஓடாம ஊருக்கு ஒழச்ச மாதிரி அது வாங்கின நாள்ல இருந்து ஒழைக்கல.

எங்களுக்கு மேல வீட்டுல கூரை முழுக்க சோலார். அவங்களும் போன் சார்ஜ் போட எங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க. வெயில் அடிச்ச நாளும் அவங்க வீடு இருட்டு. நெறய பேருக்கு இது தெரியாது, லைனோட சேத்து போட்ட சாதாரண சோலார், லைன்ல கரண்ட் போனா தானும் நின்னுரும், லைன்ல வேல செய்யிற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்பிடி செஞ்சிருக்காங்க. கரண்ட் இல்லாதப்பவும் ஓடணும்னா ஹைபிரிட் இன்வெர்ட்டரும் தனி பேட்டரியும் வேணும், அது வேற பட்ஜெட். 2025 பெப்ரவரி 9 ஞாபகம் இருக்கா, பாணந்துறைல ஒரு கொரங்கு சப்ஸ்டேஷன்ல பாஞ்சு நாடு முழுக்க கரண்ட் போச்சே, அன்னைக்கும் நல்ல வெயில், அன்னைக்கும் அவங்க வீட்டு சோலார் சும்மாதான் கெடந்துச்சு. அதே வருசம் ஏப்ரல்ல வருசப்பொறப்பு லீவுல பாவனை கொறஞ்சதால கூரை சோலாரை பகல்ல நிறுத்தி வைங்கன்னு கேட்டாங்க. பகல்ல கரண்ட் மிஞ்சுது, ராத்திரி பத்தல, என் கார் பகல் பூரா ஸ்கூல் வாசல்ல நிக்குது. சனி ஞாயிறு மத்தியானம் பாத்து சார்ஜ் போடுறேன், என்னால முடிஞ்ச நாட்டு சேவை.

நாலாவது நாள் காலைல பக்கத்து லயத்து புள்ளைக்கு வலி வந்துருச்சு. நெறமாசம். ரோட்டுல மண்ணை வெட்டி ஒரு ஆட்டோ நுழையிற அளவு தொறந்திருந்தாங்க, கார் போகாது. மாமா ஆட்டோவ எடுத்தாரு. டிக்கோயா ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வர மூணு லிட்டர் போதும்தான், ஆனா எந்த ரோட்டை எங்க சுத்த வேண்டி வருமோ தெரியாது. ஒரு தம்பி அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணை தோள்ல வச்சுக்கிட்டு மண்சரிவு மேலயே ஏறி எறங்கி வந்தான். எங்க இருந்து கொண்டு வந்தான்னு கேக்கல, இடுப்புக்கு கீழ சேறு. ஊத்திட்டு போனாங்க, பொம்பளப்புள்ள பொறந்துச்சு, சுகம்.

அந்த கேன் என் மண்டைல இருந்து போக மாட்டேங்குது. பெட்ரோல் இல்லாம போனதால நாங்க பட்ட பாட்டை முன்னாடி எழுதிட்டேன், அதெல்லாம் நெசம். ஆனா பெட்ரோலை ஒரு ஆளு தோள்ல தூக்கிட்டு நடந்து வர முடியும். என் 55 சதவீதத்துல ஒரு சதவீதத்தைக்கூட நான் ஒரு குடத்துல ஊத்தி ஆருக்கும் குடுத்தனுப்ப முடியாது. 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, பெட்ரோலும் இல்லாம கரண்டும் இல்லாம, அப்ப லீஃப் வச்சிருந்த பிரின்சிபல் ராத்திரி முழிச்சு கரண்ட் வந்ததும் ஓடிப்போய் சொருகுவாராம், பிறகு சொன்னாரு. வெளிய இருந்து பாத்த எங்களுக்கு அது தெரியல.

மாமாகிட்ட இதை எல்லாம் பேசுனேன், ஆட்டோவ ஏன் அவ்வளவு பிடிவாதமா வச்சிருக்கீங்கன்னு. அவரு தேயிலை ஸ்டோரு லொறி ஓட்டினவரு, முப்பத்தி ரெண்டு வருசம். அவரு பதில் ஆட்டோவப் பத்தி இல்ல. "எங்க லயத்துக்கு மேலாலதான்மா லக்ஷபான கரண்ட் லைன் போச்சு. படுத்தா கம்பி சத்தம் கேக்கும், மழைன்னா இஸ்ஸுனு இரையும். உள்ள குப்பி லாம்பு. நான் கல்யாணம் பண்ணி ரெண்டு புள்ள பொறந்த பிறகுதான் காம்பராவுக்கு கரண்ட் வந்துச்சு"ன்னாரு. எஞ்சினியர் விமலசுரேந்திர இந்த மலைத் தண்ணில கரண்ட் எடுக்கலாம்னு எழுதினது 1918ல. லக்ஷபான ஓட ஆரம்பிச்சது 1950ல. தலவாக்கலைல மேல் கொத்மலை அணை 2012ல, 150 மெகாவாட், நாங்க பஸ்ல போகும்போது தெனமும் பாக்குறது. காசல்ரீ, மவுசாக்கலைன்னு சுத்தி எங்க பாத்தாலும் கரண்டுக்கு கட்டின தண்ணி. அது பூரா எங்கயோ போய்ட்டு கடைசியாதான் அந்த தண்ணிக்கு பக்கத்துல இருக்கிறவன் வீட்டுக்கு வந்துச்சு. கரண்ட் வரும்னு யாராவது சொன்னா மாமா நம்பாததுல தப்பு சொல்ல முடியாது.

இப்பவும்தான் என்ன. வீட்டுக்கு கரண்ட் வண்டி மட்டும்னு நான் பேசுறேன்னா எனக்கு சொந்த வாசல் இருக்கு, மீட்டர் அதுக்கு பத்தடில இருக்கு. லயத்துல இருக்கிற தம்பி ஆட்டோவ மேல ரோட்டுல நிப்பாட்டிட்டு 60 படி எறங்கி வீட்டுக்கு போறான், காம்பரா மீட்டர்ல இருந்து ரோட்டுக்கு எங்க வயரு இழுக்கிறது? நாளைக்கு எல்லா ஆட்டோவும் கரண்டுன்னு சட்டம் வந்தா முதல்ல ரோட்டோரம் ஒரு பிளக் பாயிண்ட் வைக்கணும். அதைப் பத்தி யாரும் பேசி நான் கேக்கல.

கொப்பில எழுதின கணக்கை கிழிச்சு போட்டேன்னு சொல்ல மாட்டேன், இருக்கு. ஆல்டோவ விக்கிறது, அந்த காசுல லோன் இல்லாம சின்னதா சோலார், ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியுமா, முதல்ல வீட்டுக்கு லைட்டும் பிறகு காருக்கு ஏதோ கொஞ்சமும் வார மாதிரி. மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் எங்க பக்கம் வெயிலை போட்டோலதான் பாக்கணும், அது தெரிஞ்சுதான் எறங்குறோம். இவரு நுவரெலியாவுக்கு பஸ்ஸுதான், வெள்ளிக்கிழமை மட்டும் லீஃப். ரெண்டாவது கரண்ட் கார் இப்ப இல்ல. ஆட்டோ நிக்கும். நான் தோத்துட்டேன்னு இவரு சொல்றாரு. பெட்ரோல் வண்டி ரெண்டு இருந்தது ஒண்ணாகியிருக்கு, அதுவும் கிழமைக்கு ரெண்டு லிட்டர் குடிக்கிறது, இதுல யாரு தோத்தா.

கிளட்ச் போட்டு ஆல்டோவ விளம்பரம் பண்ணோம். பொகவந்தலாவைல இருந்து ஒரு தம்பி வந்து பாத்தான், ஓட்டினான், பேரம் பேசினான், முடிவாச்சு. மறுநாள் காலைல வந்து எடுக்கிறேன்னு அட்வான்ஸ் குடுத்துட்டு போனான். அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு வெளிய ஏதோ சத்தம், நாய் கொலைக்குது. டோர்ச் எடுத்துக்கிட்டு போனேன். ஆல்டோவோட டேங்க் மூடி தொறந்து கெடக்கு. மாமா குந்திக்கிட்டு ரப்பர் குழாயை வாயில வச்சு உறிஞ்சுறாரு, பக்கத்துல அந்த அஞ்சு லிட்டர் கேன், அதே கேன்.

"மாமா, வண்டிய வித்தாச்சு."

காறித் துப்பிட்டு, "வண்டியத்தான்மா வித்தோம். செட் வரைக்கும் போக ஒரு லிட்டரு விட்டு வைக்கிறேன், பயப்படாத"ன்னாரு. "போய் ஒரு பிளேன்டீ போடு, நாக்கெல்லாம் எரியுது."